மாரிக்கு முன் கூரையைப் பார்ப்பது எப்படி? அஸ்பெஸ்டஸ் சீட், ஓடு, தகரக் கூரைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் தொடக்கம் ஜனவரி வரை பெய்துவிடும். அதற்கு முந்திய மாதங்களின் வெயிலில் கூரையில் விழுந்த வெடிப்பு, முதல் பெருமழைக்குத்தான் தெரியவரும். நடுச்சாமத்தில் ஒழுக்குக்குச் சட்டி வைத்துவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக ஈரக் கூரையில் யாராவது ஒருவர் ஏறுவார். கூரை விபத்துகள் நடப்பது பெரும்பாலும் இப்படியான நேரங்களில்தான். இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால், கூரையில் கால் வைக்காமலே அதை முழுதாகப் பார்த்து முடிக்கலாம். அதற்கான வழி கீழே உள்ளது.

எந்த மாதத்தில் பார்ப்பது நல்லது?

ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுங்கள். பிழை ஏதும் கண்டால் திருத்துவதற்கு ஒரு மாதம் கையில் இருக்கும். ஒக்ரோபர் பிறந்துவிட்டால் ஓடாவியும் கிடைக்கமாட்டார், மேசனும் கிடைக்கமாட்டார். சீட் எலும்பு காய்ந்த மாதிரிக் காய்ந்திருப்பதும் இந்தக் காலத்தில்தான். ஒட்டு நாடாவும் பசையும் ஈரத்தில் பிடிக்காது.

நேரம் என்றால் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை. அப்போது வெயில் சரிந்து விழுவதால் தலைமயிர் அளவு வெடிப்புக்கும் நிழல் விழும், கண்ணுக்குத் தெரியும். உச்சி வெயிலில் அதே வெடிப்பு மறைந்துவிடும். கடற்கரைப் பக்கம் பின்னேரம் காற்றும் கூடும்.

மாரி ஓய்ந்த பிறகு, மாசி மாதத்தில், வீட்டுக்குள் மட்டும் ஒரு தடவை பாருங்கள். சுவரிலும் மரத்திலும் மழை விட்டுப்போன கறைகள் அப்போது தெளிவாக இருக்கும். கூரையில் தேங்காயோ பெரிய கொப்போ விழுந்தால் மாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே பாருங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீட்டில் ஏறி நடக்கலாமா?

கூடாது. புதுச் சீட்டிலும் கூடாது, பழைய சீட்டில் கூடவே கூடாது.

சீட்டின் தடிப்பு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். சீமெந்தும் நாரும் சேர்ந்தது. மழை, காற்று போல முழுப் பரப்பிலும் பரவி விழும் பாரத்தை அது தாங்கும். ஒரு மனிதனின் முழுப் பாரமும் ஒரு குதிக்கால் அகலத்தில் இறங்கினால் தாங்காது. மரம் உடைய முன்னர் முறுகும், தகரம் வளையும். சீட் எந்த எச்சரிக்கையும் தராது. சத்தம் கேட்கும்போது ஆள் கீழே தரையில் கிடப்பார். பத்தடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் முதுகோ தலையோ பட விழுந்தால் உயிர் போகலாம், இடுப்புக்குக் கீழே வாழ்நாள் முழுக்க அசைவில்லாமல் போகலாம்.

வயது ஏற ஏறச் சீட் இன்னும் நொய்ந்துபோகும். வெயிலும் மழையும் மேற்பரப்புச் சீமெந்தை அரித்துவிடும், பாசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பெயின்ற் பூசியிருந்தால் உள்ளே இருக்கும் வெடிப்பும் தெரியாது, பழைய ஒட்டும் தெரியாது.

போல்ட் வரிசையில் கால் வைத்து நடந்தால் பயமில்லையாமே?

பலர் நம்புவது இது, பலர் விழுந்ததும் இதனால்தான். போல்டுக்குக் கீழே குறுக்கு மரம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த மரம் இரண்டு மூன்று அங்குல அகலம்தான், கால் அதைவிட அகலம். சற்றுச் சறுக்கினால் வெறும் சீட்டில் கால் விழும். வெடிப்புகள் தொடங்குவதும் போல்ட் துளையைச் சுற்றித்தான். ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நாலரை அடி தூரம் இருக்கும்போது, இடையில் எங்கேயாவது கால் படாமல் போகவும் முடியாது.

“சின்னப் பொடியன்தானே, பாரமில்லை” என்று பிள்ளைகளை ஏற்றுவதும் அப்படித்தான். பிள்ளையின் கால் சிறியது, பாரம் இன்னும் சிறிய இடத்தில் இறங்கும். பந்து எடுக்க, பட்டம் எடுக்க, மிளகாய் காயப்போட, மாங்காய் பொறுக்க என்று எந்தக் காரணத்துக்கும் பிள்ளைகளைச் சீட்டில் ஏற விடாதீர்கள். சுவரோரம் ஏணியைச் சாய்த்தபடி விட்டு வைப்பது அவர்களை ஏறச் சொல்வதற்குச் சமம். வேலை முடிந்ததும் படுக்க வைத்துச் சங்கிலி போடுங்கள்.

ஏறாமல் எப்படி முழுக் கூரையையும் பார்ப்பது?

உள்ளிருந்து, நிலத்திலிருந்து, தடியில் கட்டிய போனால் என்று மூன்று தடவை பார்க்க வேண்டும். ஒன்று காட்டாததை மற்றது காட்டும்.

முதலில் உள்ளே. வெளியே நல்ல வெயில் இருக்கும்போது கதவு, யன்னலை அடைத்து, விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் மேலே பாருங்கள். துளை நட்சத்திரம் மாதிரித் தெரியும், வெடிப்பு வெள்ளிக் கம்பி மாதிரித் தெரியும். சீலிங் அடித்த வீடானால் இது சரிவராது. சீலிங்கில் மஞ்சள் வளையம், ஊதிய இடம், ஆணித்தலையில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். சீலிங்குக்கு மேலே ஏறிப் போக வேண்டாம், அதுவும் ஆளைத் தாங்காது. சீலிங்கில் உள்ள வாசல் பலகையைத் திறந்து, ஏணியில் நின்றபடியே டோர்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

பிறகு நிலம். வளவின் நான்கு மூலையிலும் நின்று முகட்டுக் கோட்டைப் பாருங்கள். நேராக இருக்க வேண்டிய கோடு எங்கே தொய்கிறதோ, அங்கே கீழே மரம் போயிருக்கிறது. விளிம்பு வரிசையில் எந்தச் சீட்டாவது அலை குலைந்து தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாகப் போன். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியின் நுனியில் போனைத் துணி சுற்றி றப்பர் வளையத்தால் இறுக்கி, கழன்றால் விழாதபடி தனியாக ஒரு நூலும் கட்டுங்கள். வீடியோவைத் தொடக்கிவிட்டு, கமரா கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி தடியை உயர்த்தி, சுவரோரமாக மெல்ல நடவுங்கள். வேகமாக நடந்தால் படம் கலங்கிப்போகும். ஒரு சீட் அகலத்துக்கு ஐந்து செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடி காய்ந்த மூங்கிலாகவோ கமுகாகவோ இருக்கட்டும். அலுமினியக் குழாய் வேண்டாம், காரணம் கீழே மின்கம்பிக் கேள்வியில் இருக்கிறது.

பார்த்ததை ஒரு கொப்பியில் கீறி வையுங்கள். கீழிருந்து வரிசை எண், இடமிருந்து சீட் எண். “கீழிருந்து 2, இடமிருந்து 5, முகட்டுப் பக்கம் வெடிப்பு” என்று எழுதினால், திருத்த வருபவர் தேடிக்கொண்டு திரியத் தேவையில்லை. அடுத்த வருடம் அதே வெடிப்பு நீண்டிருக்கிறதா என்று ஒப்பிடவும் உதவும்.

ஏணியை எங்கே, எப்படிச் சாய்ப்பது?

சீட்டின் விளிம்பிலோ பீலியிலோ சாய்க்காதீர்கள். விளிம்பு உடையும், பீலி வழுக்கும், இரண்டிலும் ஏணி பக்கவாட்டில் போகும். வீட்டின் முக்கோணச் சுவர்ப் பக்கம் சாய்ப்பது நல்லது. அப்படி இடமில்லையென்றால் தானாக நிற்கும் இரட்டைக்கால் ஏணி பாவியுங்கள். அதன் மேல் இரண்டு படிகளிலும் ஏறி நிற்கக்கூடாது.

சாய்க்கும் ஏணிக்குக் கணக்கு எளிது. ஏணி தொடும் இடத்தின் உயரம் நாலடி என்றால், கால் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. பன்னிரண்டு அடிக்கு மூன்று அடி. அதைவிடக் கிட்ட வைத்தால் பின்னால் கவிழும், தள்ளி வைத்தால் கால் வழுக்கும்.

எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம், வீட்டைச் சுற்றி மணல். ஒரு கால் புதைந்தால் ஏணி சரிந்துவிடும். ஒன்பது அங்குல அகலமான பலகை ஒன்றை மணலில் மட்டமாகப் பதித்து, அதன்மேல் இரண்டு கால்களையும் வையுங்கள். பின்பக்கம் ஒரு சட்டம் அடித்தால் கால் வழுக்காது. வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் களிமண்ணில் காய்ந்த நாளில் பிரச்சினை இல்லை. முதல் மழைக்குப் பிறகு அந்த மண் சவர்க்காரம் மாதிரி, அன்று ஏணியே வேண்டாம்.

ஏறும்போது இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். கையில் எதையும் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். வாளியில் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம். கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், அவர் போன் பார்க்கக்கூடாது. சாரத்தோடும் செருப்போடும் ஏற வேண்டாம். சாரம் கால் தடுக்கும், செருப்புக் கழலும்.

வீட்டுக்கு வரும் மின்கம்பி கூரைக்குப் பக்கத்தில் போகிறது. என்ன செய்வது?

தூணிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியில் 230 வோல்ட் ஓடுகிறது. வீட்டின் மெயின் சுவிச்சை நிறுத்தினால் உள்ளே இருக்கும் வயர்களில்தான் மின் நிற்கும். தூணுக்கும் மீற்றருக்கும் இடையில் உள்ள கம்பியில் நிற்காது. அதன் மேலுறை வெயிலில் வெடித்திருக்கலாம், தொடாமல் தெரியாது, தொட்டுப் பார்க்கவும் கூடாது. அலுமினிய ஏணியும் அலுமினியத் தடியும் அந்தப் பக்கம் வரவே வேண்டாம். மூங்கிலும் நனைந்தால் மின் கடத்தும்.

கம்பி சீட்டில் உரசிக்கொண்டிருந்தால், தாழ்ந்து தொங்கினால், தென்னோலை சாய்ந்து கிடந்தால் நீங்களாகத் தள்ளிவிடாமல் மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

சீட்டில் எந்தெந்த இடங்களைக் கவனிக்க வேண்டும்?

போல்ட் துளைகள்தான் முதல். துளை அலையின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் போட்டிருந்தால் அந்த வழியாகத்தான் மழைநீர் முழுவதும் ஓடும், எவ்வளவு பூசினாலும் ஒழுகும். துளையிடாமல் ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்கிய கூரைகளில் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் வெடிப்பு இருக்கும். 8 மில்லிமீற்றர் போல்டுக்கு 10 மில்லிமீற்றர் துளை வேண்டும். வெயிலுக்கு விரியவும் குளிருக்குச் சுருங்கவும் சீட்டுக்கு அந்த இடைவெளி தேவை. போல்டை மட்டுமீறி இறுக்குவதும் அதே வெடிப்பைத்தான் தரும். கையால் அசைத்தால் வாசர் சுழலாத அளவு போதும்.

வாசர் இரண்டு பகுதி. கீழே தார் அல்லது றப்பர், மேலே குவிந்த தகரம். கடற்காற்றுப் படும் இடங்களில் தகரம் துருவாகி, றப்பர் வெயிலில் கருகிப் பொடியாகிவிடும். பெரும்பாலான ஒழுக்குக்குக் காரணம் இந்தச் சின்ன வாசர்தான். சீட்டைக் குறை சொல்லிப் புதுச் சீட் வாங்குவதற்கு முன் வாசரைப் பாருங்கள்.

அடுத்தது மேற்படிவு. மேல் சீட் கீழ் சீட்டின்மேல் குறைந்தது 6 அங்குலம் படிய வேண்டும். பக்கவாட்டில் மேலே படியும் சீட்டின் விளிம்பு வாடைக்காற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். நமக்குப் பெருமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. விளிம்பு அந்தப் பக்கம் திறந்திருந்தால் காற்று நீரை உள்ளே தள்ளும். சாதாரண மழைக்கு ஒழுகாத கூரை வாடை மழைக்கு மட்டும் ஒழுகினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

நான்கு சீட் சந்திக்கும் இடத்தில் இரண்டு சீட்டின் மூலையைச் சரிவாக வெட்டியிருக்க வேண்டும். வெட்டாமல் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கினால் மேல் சீட் எம்பிக்கொண்டு நின்று, கொஞ்சக் காலத்தில் வெடிக்கும்.

முகட்டுத் துண்டு, கூரைக்கு மேலே எழுப்பிய சுவர் கூரையைத் தொடும் இடம், அன்ரெனாக் கம்பம், புகைபோக்கி ஆகியவற்றின் ஓரம் மேசன் பூசிய சீமெந்துச் சாந்து வெடிக்கும். சுவர் அசையாது, சீட் அசையும். அதனால் விறைத்த சாந்து அங்கே நிலைக்காது.

கீழிருந்து பார்க்கும்போது மரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்குரு டிரைவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மரம் ஊன்றும் இடம், போல்ட் இறங்கும் இடம், கறை படிந்த இடம் மூன்றிலும் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் பதியும். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தத் துண்டு மாற்ற வேண்டியது. சுவரில் ஏறும் மண்கோடு கறையானின் பாதை. தட்டும்போது டொக்கென்று பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே வெறுமை.

இரும்புச் சட்டமானால் ஒட்டு வைத்த இடங்களில்தான் துரு தொடங்கும். குறுக்கு மரங்களின் இடைவெளியையும் அளந்துவிடுங்கள். நாலரை அடிக்கு மேல் இருந்தால் சீட் நடுவில் தொய்ந்து வெடிப்பது அதனால்தான். இடையில் ஒரு மரம் கூட்டினால் தீரும்.

ஒழுக்கு எந்த இடத்தால் வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றல்ல. துளைக்குள் நுழைந்த நீர் அலையின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு கீழ்நோக்கி ஓடும். குறுக்கு மரம் தடுத்தால் மரத்தோடு பக்கவாட்டில் போய், ஆணி கண்ட இடத்தில் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்துக்கு நேர்மேலே தேடாமல், அங்கிருந்து முகட்டுப் பக்கமாகத் தேடுங்கள்.

உறுதிப்படுத்தக் குழாய்ச் சோதனை செய்யலாம், இரண்டு பேர் வேண்டும். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். மின்கம்பி வரும் பக்கத்தைத் தவிர்த்து, தண்ணீர்க் குழாயை மூங்கில் தடியில் கட்டி, நிலத்தில் நின்றபடி, கூரையின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு இடத்தில் பத்து நிமிடம், மழை மாதிரி மேலிருந்து கீழாக விழ வேண்டும். கீழிருந்து மேலாகப் பீச்சினால் நல்ல கூரையும் ஒழுகும். உள்ளே நிற்பவர் சொட்டுக் கண்டதும் கூப்பிட வேண்டும். ஒன்றும் வரவில்லையென்றால் இரண்டடி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகும்.

அஸ்பெஸ்டஸ் தூசி உண்மையாகவே ஆபத்தா? சீட் கூரைக்குக் கீழே இருந்தாலே வருத்தம் வருமா?

வெடிக்காமல், உதிராமல் இருக்கும் சீட்டில் நார் சீமெந்துக்குள் பிடிபட்டிருக்கும். அதன் கீழே குடியிருப்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. உடைக்கும்போதும், வெட்டும்போதும், துளைக்கும்போதும், தேய்க்கும்போதும்தான் நார் காற்றில் பறக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, சுவாசப்பைக்குள் போனால் வெளியே வராது. நுரையீரல் புற்றுநோய் போன்ற நோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். அதனால் “எங்கட அப்பா வெட்டினவர், ஒன்றும் ஆகேல்ல” என்பதை ஆதாரமாக எடுக்க முடியாது. நீல அஸ்பெஸ்டசை இலங்கை 1987இல் தடை செய்தது. கூரைச் சீட்டுகளில் சேர்ந்தது பெரும்பாலும் வெள்ளை வகை. எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

எனவே பாசியைக் காய்ந்த தும்புத்தடியாலும் கம்பித் தூரிகையாலும் சுரண்ட வேண்டாம். அழுத்தத் தண்ணீர் இயந்திரமும் வேண்டாம், அது சீமெந்தை உரித்து நாரைச் சுவரிலும் கிணற்றடியிலும் தெறிக்க வைக்கும். கிரைண்டரால் வெட்டக்கூடாது. தவிர்க்க முடியாமல் தொட வேண்டியிருந்தால், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட தண்ணீரால் முதலில் நனையுங்கள். சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசம் இந்த நாரைத் தடுக்காது, எஃப்.எஃப்.பி. 3 வகை வேண்டும். உடுத்திருந்ததைத் தட்டி உதறாமல் நனைத்து, மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் கழுவுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன வெடிப்பை நாங்களே அடைக்கலாமா?

இரட்டைக்கால் ஏணியில் நின்று கை எட்டும் விளிம்பு வரிசையில் உள்ளதை அடைக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு, அலுமினியப் படலம் உள்ள பியூட்டைல் ஒட்டு நாடாவை வெடிப்பின் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் கூடும்படி ஒட்டி, அலையின் வளைவுக்குள் விரலால் அழுத்துங்கள். சீமெந்துப் பாலும் வெறும் சிலிக்கனும் நிற்காது. ஒன்று விறைப்பு, மற்றது தூசிப் பரப்பில் பிடிக்காமல் ஒரு மாரிக்குள் உரியும். ஒரு குறுக்கு மரத்திலிருந்து அடுத்தது வரை ஓடும் வெடிப்புக்கு நாடா போதாது, சீட் மாற்ற வேண்டும்.

கூரையின் நடுவில் உள்ள சீட்டை மாற்ற வேண்டுமென்றால்?

முடிந்தவரை கீழிருந்து. வீட்டுக்குள் சாரக்கட்டு அமைத்து, பலகைத் தளத்தில் நின்று, துருப்பிடித்த போல்டை வெட்டி, சீட்டை முழுதாக நழுவ விடலாம். விழுந்தாலும் தளத்தில்தான் விழுவார்கள்.

மேலே போயே ஆக வேண்டுமென்றால் நடைபலகை இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். பலகை குறைந்தது இரண்டடி அகலம், மூன்று குறுக்கு மரங்களின்மேல் படியும் நீளம், நழுவாதபடி முகட்டில் கட்டியிருக்க வேண்டும், ஏறுவதற்குக் குறுக்குச் சட்டங்கள் அடித்திருக்க வேண்டும். இப்படி இரண்டு பலகையாவது வேண்டும். ஒன்றுதான் இருந்தால் அதை நகர்த்தும்போது ஆள் சீட்டில் நிற்க நேரும். பாதுகாப்புப் பட்டியும், அதைக் கட்டச் சீட்டுக்குச் சேராத உறுதியான இடமும் வேண்டும்.

கழற்றிய சீட்டை உடைக்காமல் பொலித்தீனில் சுற்றி, அதை எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையிடமோ மாநகர சபையிடமோ கேளுங்கள். கோழிக்கூட்டுக்கும் பூச்சாடிக்கும் பாதை நிரப்பவும் பாவிப்பது தூசியை வளவுக்குள்ளேயே வைத்துக்கொள்வதாகும். புதிதாக வாங்கும்போது அஸ்பெஸ்டஸ் சேராத நார்ச் சீட் கேட்டு வாங்குங்கள்.

ஓட்டுக் கூரையிலாவது ஏறலாமா?

தட்டை ஓடும் அதைத் தாங்கும் மரச் சலாகையும் நல்லதாக இருந்தால், பயிற்சி உள்ளவர் கூரை ஏணி போட்டு ஏறலாம். உக்கிய சலாகையில் ஓடு ஆளோடு போகும். வீட்டுக்காரருக்கு ஒரு வசதி உண்டு. சீலிங் இல்லாத வீட்டில் நகர்ந்த ஓட்டைக் கீழிருந்தே தடியால் மெல்லத் தூக்கி இடத்தில் அமர்த்தலாம். கண்ணாடி ஓட்டில் யாரும் கால் வைக்க வேண்டாம்.

காத்தான்குடி, கல்லடி, கல்முனைப் பக்கம் தகரம் ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

உப்புக் காற்று. கவனிக்க வேண்டியது மேற்பக்கத்தைவிட அடிப்பக்கம். மேலே படும் உப்பை மழை கழுவிவிடும். இறவாரத்தின் கீழே படியும் உப்பு ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் பீலியையும் கழுவினால் தகரத்தின் ஆயுள் கூடும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதால் கழுவ வேண்டாம்.

ஆணித்துளையைச் சுற்றிச் செம்மஞ்சள் வளையம் தெரிந்தால் வாசர் போய்விட்டது. எழும்பிய ஆணியைத் திரும்ப அடித்து இறக்காதீர்கள், துளை ஏற்கெனவே பெருத்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, றப்பர் வாசரோடு ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ ஆணி போடுங்கள். செம்புக் கம்பியைத் தகரத்தில் படவிட்டால் பட்ட இடம் வேகமாக அரிக்கும், அன்ரெனா, பூமிக் கம்பி போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பீலி பற்றி?

பத்தடிக்கு அரை அங்குலத்துக்குக் குறையாத சரிவு. தென்னம்பூவும் வேப்பிலையும் அடைத்தால் நீர் பின்வாங்கிச் சுவருக்குள் இறங்கும். தேங்கி நின்றால் டெங்கு நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்கும் முதல் கேள்விகளில் பீலியும் ஒன்று. சரிவைச் சோதிக்க ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள், ஐந்து நிமிடத்தின் பின்னும் எங்காவது நின்றால் அங்கே பீலியைப் பிடித்திருக்கும் தாங்கியை உயர்த்த வேண்டும். மாரிக்காலம் முழுக்க இரண்டு கிழமைக்கு ஒரு தடவை துப்புரவு செய்யுங்கள்.

காற்றுக்குத் தூக்காமல் இருக்கக் கல், டயர், மணல் மூட்டை வைக்கலாமா?

வேண்டாம். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, மேலே உறிஞ்சி எடுக்கிறது. மூலைகளிலும் விளிம்புகளிலும் முகட்டிலும் அந்த இழுவை மிகக் கடுமையாக இருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியதைப் பார்த்தவர்கள் கூரைகள் பறந்ததைச் சொல்வார்கள். அப்படியான காற்றில் நாலு கல் எதையும் பிடித்து வைக்காது, பறந்து போய் ஆளைத்தான் அடிக்கும். மற்ற நாட்களில் கல்லின் பாரம் சீட்டை வெடிக்க வைக்கும், டயருக்குள் நுளம்பு பெருகும்.

செய்ய வேண்டியது கூரையைக் கட்டிடத்தோடு பிணைப்பது. விளிம்புச் சீட்டுகளில் குறுக்கு மரத்தைக் கொக்கி மாதிரிப் பிடிக்கும் ஜே போல்ட் எல்லாம் இருக்கிறதா, குறுக்கு மரம் கைமரத்தோடும், கைமரம் சுவர் மரத்தோடும் இரும்புப் பட்டியால் பிடிபட்டிருக்கிறதா, சுவர் மரம் சுவருக்குள் கம்பியால் இறங்கியிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். இதில் எந்த ஒரு கண்ணி விட்டாலும் காற்று அங்கேதான் பிரிக்கும். ஆணி மட்டும் அடித்த மூட்டுகளுக்குப் பட்டி போடுவதற்கு ஒரு ஓடாவிக்கு ஒரு நாள் வேலை. விளிம்பு வரிசையின்மேல் தட்டை இரும்புப் பட்டம் ஒன்றை நீளத்துக்கு ஓட்டி, போல்டுகளோடு சேர்த்து இறுக்கினால் மூலைகள் இன்னும் உறுதிப்படும்.

கூலிக்கு ஆள் பிடிக்கும்போது என்ன பேச வேண்டும்?

நடைபலகை கொண்டுவருவாரா என்பதை முதலில் கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒழுங்கு செய்யுங்கள், அல்லது வேலையைத் தள்ளிப்போடுங்கள். “பலகை வேண்டாம், எனக்குப் பழக்கம்” என்று அவர் சொன்னாலும் ஏற்றாதீர்கள். விழுந்தால் படுக்கையில் கிடக்கப்போவது உங்கள் வளவுக்கு வந்த மனிதர், தவிக்கப்போவது அவரது பிள்ளைகள். கூரைக் கொப்பியைக் காட்டுங்கள், எந்தச் சீட் எப்போது வெடித்தது என்று சொல்லுங்கள். வேலை நடக்கும்போது கீழே உள்ள அறையில் யாரும் இருக்கக்கூடாது. குடித்துவிட்டு வந்தால் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்?

தூக்கி நிமிர்த்தாதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம். முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றிக்கொண்டு ஓடுவதால் முதுகெலும்புக் காயம் நிரந்தர ஊனமாகலாம். தலையும் கழுத்தும் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். இரத்தம் ஓடினால் சுத்தத் துணியால் அழுத்துங்கள். மூச்சு நின்றால் மட்டும் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், எப்படியென்று 1990இல் பேசுபவரிடம் கேளுங்கள். மின்கம்பியில் பட்டு விழுந்திருந்தால், மின் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை அவரைத் தொடாதீர்கள். எழும்பி நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தலைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ஏற்பட்ட காயம் சில மணித்தியாலம் கழித்தும் தெரியவரலாம்.